வீட்டு வேலைக்கு மலிவான கருவிகள் போதுமா?

மின்கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், சிறு சிறு வீட்டு வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள விரும்புவோர் மலிவான கருவிகளை வாங்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பல கருவிகளைத் தாராளமாக வாங்கலாம். ஆனால், வேலைக்கு நடுவே அந்தக் கருவி கைவிட்டால் கருவியோடு நஷ்டம் முடிந்துவிடுமா, வேலை செய்யும் பொருளும் சேர்ந்து பாழாகுமா, அல்லது உடம்புக்கே ஆபத்து வருமா என்பதை விலையைப் பார்ப்பதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

டிரில் மெஷினில் பெரும்பாலும் கருவியோடு நஷ்டம் முடிந்துவிடும். மலிவான மெஷினைக் கழற்றிப் பார்த்தால், சுழலும் தண்டைத் தாங்க, சிறு உருண்டைகள் கொண்ட பால் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உலோக வளையமான புஷ் இருப்பதுண்டு. இடைவிடாமல் ஓட்டும்போது சூடேறி, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் உள்ள கம்பிச் சுருளின் வார்னிஷ் கருகும் வாடை வரும். நாள் முழுதும் துளை போடும் தொழிலாளிக்கு அது உதவாது என்றாலும், எப்போதாவது ஓர் அலமாரியைச் சுவரில் மாட்டுபவருக்கு அதுவே போதும். உடல் பகுதி சூடாவது கைக்குத் தெரிந்ததும் துளையிடுவதை நிறுத்தி, சுமையில்லாமல் சற்று நேரம் ஓடவிட்டால் உள்ளிருக்கும் விசிறியே அதைக் குளிரவைக்கும். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தி, நாளடைவில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே மாற்றும்படி பக்கவாட்டில் மூடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்குரூ டிரைவரிலும் ஸ்பேனரிலும் சிக்கனம் பார்ப்பதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது. சரியாகப் பதப்படுத்தாத எஃகு முனை திருகின் தலைக்குள் வழுக்கும்போது முனையோடு தலையின் பள்ளமும் தேய்ந்துபோவதால், அதன் பிறகு எவ்வளவு நல்ல கருவியைக் கொண்டுவந்தாலும் பிடிமானம் கிடைப்பதில்லை. மூலை மழுங்கிய நட்டும் அப்படித்தான். குரோம் வனேடியம் என்ற முத்திரை உலோகக் கலவையைச் சொல்கிறதே தவிர, அதைப் பதப்படுத்திய விதத்தைச் சொல்வதில்லை. ஆகவே நூறு துண்டுகள் அடங்கிய பெட்டியைவிட, அடிக்கடி தேவைப்படும் நான்கைந்து அளவுகளில் நல்ல கருவிகளையே பரிந்துரைப்பேன்.

வோல்டேஜ், மின்னோட்டம் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரில் இந்தச் சமரசமே கூடாது. மிக மலிவான மீட்டர்கள் பலவற்றில் மின்னோட்டம் அளக்கக் கம்பியைச் செருகும் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது. அதை முகப்பிலேயே அச்சிட்டும் இருப்பார்கள். மின்னோட்டம் அளந்த கம்பியை அதே துளையில் மறந்துவிட்டு வீட்டு மின்சாரத்தில் வோல்டேஜ் பார்க்கப் போனால், அது நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகி, கையிலிருக்கும் மீட்டர் வெடிக்கக்கூடும். பேட்டரி, பொம்மை போன்றவற்றைச் சோதிக்க அத்தகைய மீட்டரை வைத்துக்கொள்ளலாம். சுவர் பிளக்கிற்கும் மெயின் பெட்டிக்கும் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

சுழலும் வட்டால் உலோகம் போன்றவற்றை வெட்டவும் தேய்க்கவும் உதவும் ஆங்கிள் கிரைண்டரில் மெஷினைவிட வட்டைக் கவனிப்பது முக்கியம். நிமிடத்துக்கு 11,000 முறை சுழலும் 4 அங்குல வட்டின் விளிம்பு, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது; அந்த வேகத்தில் உடையும் துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. வட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெட்டும் வட்டுகளின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதியாகும் காலம் பொறிக்கப்பட்டிருக்கும். அது கடந்துவிட்டாலோ, விளிம்பில் விரிசல் தெரிந்தாலோ, வட்டு புதிதாகவே இருந்தாலும் மாட்டாதீர்கள். பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றினால்தான் பொருந்தும் என்ற அளவிலுள்ள பெரிய வட்டை, இலவசமாகக் கிடைத்தாலும் மறுத்துவிடுங்கள்.