பற்றரி இறங்கின பாட்டு

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுத் தம்பி ஒருவன் தனியாகப் பாட்டுச் செய்கிறான். குழு கிடையாது, ஸ்ரூடியோ கிடையாது. ஒரு பழைய லப்டொப், இரண்டு ஸ்தாயிக்கு மேல் போகாத ஒரு சின்னக் கீபோர்ட், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். பாட்டெல்லாம் ஆடுகிற பாட்டு, ஆனால் 80களில் செய்து பெட்டியில் போட்டு மறந்துவிட்டு இப்போது தூசு தட்டி எடுத்தது மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே விளையாட்டுச் சாமான் கத்துகிற மாதிரி ஏதாவது ஒரு குறும்பு. போன மாதம் புதிதாக ஒன்றைப் போட்டுக் காட்டினான். பாதியில் பாட்டு இழுபட்டது, சுருதி தொய்ந்து கீழே போய் மறுபடி நிமிர்ந்தது. "தம்பி, பற்றரி இறங்குது போல" என்று என்னை அறியாமலே சொல்லிவிட்டேன்.

அவனுக்குச் சிரிப்பு. "அண்ணை, அது பழுதில்லை, நான்தான் போட்டது. அதுக்கெண்டே சொவ்ட்வெயர் இருக்கு."

எங்களுக்கு அது வெறும் பழுதுதான், அதுவும் வியர்வை சிந்தி நிப்பாட்டப் பார்த்த பழுது. 90களில் வன்னிக்குக் கரண்ட் இல்லை, பற்றரி தடைப் பட்டியலில் இருந்தது, எங்காவது கிடைத்த பழசுகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி கேட்க முடியுமா என்று பார்ப்போம். அதுவும் சரிவராவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு சேர்த்து, பெடலைக் கையால் சுற்றுவது. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதில் வருவது முன்னும் பின்னும் மாறி ஓடுகிற ஆடலோட்டம் என்பதால், மின்னை ஒரு பக்கம் மட்டும் விடுகிற நாலு டயோட்டும் மின்னைச் சேர்த்து வைக்கிற ஒரு கொள்ளளவியும் போட்டு ஒருபக்க ஓட்டமாக்கி றேடியோவுக்கோ ரேப் றெக்கோடருக்கோ கொடுப்போம். றேடியோவுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, சுற்றுகிறவர் களைத்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். கசெற் அப்படி இல்லை. சுற்றுகிறவர் களைத்தால் பாடுகிறவரும் களைத்துவிடுவார்.

கசெற்றில் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும், அது உலகம் முழுக்க ஒரே கணக்கு. பெட்டிக்குள் இருக்கிற சின்ன மோட்டருக்கு வேகத்தைப் பிடித்து வைக்க ஒரு மின்சுற்று உண்டு, வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது சமாளிக்கும். ஓரளவுக்குக் கீழே போனால் அதாலும் முடியாது, மோட்டர் மெதுவாகும், நாடா மெதுவாகும், நாடாவில் எழுதியிருக்கிற அதிர்வுகள் எல்லாம் அதே விகிதத்தில் மெதுவாக வாசிக்கப்படும். ஏ.எல். பௌதிகத்தில் மீடிறன் என்று படித்தோமே, ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று, அது ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்தால் பாட்டு அரைச் சுருதி இறங்கிவிடும். கணக்குப் பார்த்தால் நொடிக்கு 3 மில்லிமீற்றர்கூட இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தில் எஸ்.பி.பி. தடிமன் பிடித்தவர் மாதிரி ஆகிவிடுவார், ஏனென்றால் சுருதி மட்டுமில்லை, குரலின் நிறமும் தாளமும் எல்லாமே ஒன்றாகக் கீழே இழுபடும்.

இப்போது தம்பியின் சொவ்ட்வெயர் நாடாவே இல்லாமல் இதை எப்படிச் செய்கிறது? கோயில் கடவையில் நின்று யாழ்தேவி கடந்து போகிறதைக் கேட்டவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ரயில் கிட்ட வரும்போது ஹோர்ன் கூர்மையாக இருக்கும், கடந்து போனதும் சட்டென்று தாழும், ரயிலுக்குள் இருக்கிற ஹோர்ன் என்னவோ ஒரே சுருதிதான். கணினி பாட்டை ஒரு சில மில்லிசெக்கன் நினைவில் பிடித்து வைத்துக்கொண்டு பிந்தி வாசிக்கிறது, பிறகு அந்தப் பிந்தும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டுகிறது. பிந்தல் கூடிக்கொண்டு போகும்போது பாட்டு எங்களை விட்டு விலகிப் போகிற ரயில், குறைந்துகொண்டு வரும்போது கிட்ட வருகிற ரயில். மனிதக் காதுக்கு இந்த ஆட்டம் நொடிக்கு 4 தடவை அளவில் நடந்தால்தான் மிக நன்றாகப் பிடிபடும்.

சரி, ஆட்டுவதற்கு முதலில் ஒரு சத்தம் வேண்டுமே. அது எங்கே இருந்து வருகிறது?

லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினை எடுத்துக்கொள்வோம். ஒற்றைச் சிலிண்டர் டீசல், நாலு வீச்சு எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா நிற்கும்போது 400 வெடிப்பு, அதாவது நொடிக்கு ஆறேழு. அப்போது அது டக்-டக்-டக் என்று தாளம். வயலுக்குள் இறக்கி முறுக்கினால், 2400 சுற்றில் நொடிக்கு 20 வெடிப்பு. அந்த இடத்தில் ஒவ்வொரு டக்கும் தனித்தனியாகக் கேட்பது நின்று எல்லாம் சேர்ந்து ஒரு உறுமலாகிவிடும். தாளம் சுருதியாக மாறுகிற எல்லை அதுதான், சுமார் 20. சின்தசைசர் என்கிற கருவியின் அடி அத்திவாரம் இவ்வளவுதான்: ஒரு வோல்ட்டை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, அதை நொடிக்கு நூற்றுக்கணக்கில் செய்தால் ஸ்பீக்கர் தாள் அதே மாதிரி ஆடிச் சுருதி கொடுக்கும். நொடிக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் செய்தால் காதுக்குக் கேட்காது, ஆனால் அதைக் கொண்டு இன்னொரு சத்தத்தை ஆட்டலாம்.

ஏற்றி இறக்குகிற விதத்தில்தான் சத்தத்தின் நிறம் இருக்கிறது. மெல்ல ஏறிச் சட்டென்று விழுந்தால் மரம் அரிகிற வாளின் பல் மாதிரி ஒரு வடிவம். அதற்குள் அடிப்படைச் சுருதியும் அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று எல்லா மேற்றொனிகளும் இருக்கும், காதுக்கு நாதஸ்வரம் மாதிரிக் காரமாக இருக்கும். மேலே-கீழே, மேலே-கீழே என்று சதுரமாகப் பாய்ந்தால் ஒற்றை எண் மடங்குகள் மட்டும், அதனால் ஒரு வெறுமையான, பழைய வீடியோ விளையாட்டுச் சத்தம். தம்பியின் குறும்பெல்லாம் பெரும்பாலும் இந்தச் சதுர அலைதான்.

பிறகு வடிகட்டி. 'ஊ' என்று இழுத்துக்கொண்டே வாயை மெல்ல 'ஈ' ஆக மாற்றிப் பாருங்கள், தொண்டை ஒரே சுருதிதான், வாய்க்குகை எந்த மேற்றொனியை வெளியே விடுவது என்று முடிவு செய்கிறது. சின்தசைசரின் வடிகட்டியும் ஒரு வாய். அமெரிக்காவில் றொபர்ட் மூக் 60களில் செய்த வடிகட்டி ஒரு எல்லைக்கு மேற்பட்ட மேற்றொனிகளைச் செங்குத்தாக வெட்டும், அந்த எல்லையைக் கையால் திருகி நகர்த்தலாம், அதனால்தான் அந்தக் காலத்து நடனப் பாட்டுகளில் சத்தம் 'ஊ...வாவ்' என்று வாய் திறக்கிற மாதிரி இருக்கும்.

றொபர்ட் மூக் செய்த கருவிகளுக்கு ஒரு வருத்தமும் இருந்தது. ட்ரான்சிஸ்டருக்குச் சூடு பட்டால் அதற்குள் ஓடும் மின்னோட்டம் மாறும், மின்னோட்டம் மாறினால் சுருதி நகரும். கச்சேரிக்கு நெடுநேரம் முதலே போட்டுச் சூடேற விட வேண்டும், பிறகும் நடுவில் சுருதி பார்க்க வேண்டும். (எங்கள் பங்குனி வெயிலில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.) சத்தத்தைப் பிறப்பிக்கிற சுற்றுகளான இரண்டு அலையாக்கிகளை ஒரே சுருதிக்கு வைத்தாலும் ஒன்று 440, மற்றது 441 என்று விலகி நிற்கும், அப்போது நொடிக்கு ஒரு தடவை சத்தம் தடித்து மெலிந்து வரும், பாடப் புத்தகத்தில் 'அடிப்பு' என்று படித்த அதே சங்கதி. கணினிக்கு இந்த வருத்தம் இல்லை, 440 என்றால் 440 தான். ஆனால் அந்தத் தடிப்பு இல்லாத சத்தம் செத்த சத்தமாகக் கேட்கிறது என்று தம்பி ஒரு அலையை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி வைக்கிறான்.

தாளத்துக்கு வருவோம், எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான். 1980 இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்று ஒரு தாளப் பெட்டி விட்டது. அதற்குள் உண்மையான மேளச் சத்தம் ஒன்றுகூட இல்லை, பதிந்து வைக்க அப்போது நினைவுச் சில்லு யானை விலை. அதனால் ஒவ்வொரு மேளத்தையும் மின்சுற்றால் ஏமாற்றினார்கள். பெரிய மேளத்துக்கு, அதிரலாமா வேண்டாமா என்று விளிம்பில் நிற்கிற ஒரு சுற்றை வைத்து அதை ஒரு சின்ன மின்துடிப்பால் தட்டுவது, கோயில் மணியைத் தட்டின மாதிரி அது 50 அளவு மீடிறனில் 'டூம்ம்ம்' என்று அதிர்ந்து அடங்கும். ஜால்ராச் சத்தத்துக்கு, ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆறு சதுர அலைகளைக் கலந்து கீழ்ச்சத்தத்தை வெட்டிவிடுவது, பொருத்தமில்லாத மேற்றொனிகள்தான் உலோகச் சத்தம் என்பதால் காது நம்பிவிடும். இதையெல்லாம் விட வேடிக்கை, ரோலண்டை நடத்திய இக்குத்தாரோ காக்கேஹாஷி பிற்பாடு சொன்ன கதை. அந்தப் பெட்டியின் தனிச் 'சுஸ்' சத்தத்துக்கு அவர்கள் தரம் தவறின ட்ரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கினார்களாம். பிறகு தொழிற்சாலைகள் திருந்திவிட்டன, பழுதான ட்ரான்சிஸ்டர் போதிய அளவு கிடைக்கவில்லை, 1983 இல் பெட்டியும் நின்றுவிட்டது. மொத்தம் சுமார் 12,000 தான் செய்தார்கள்.

அம்மன் கோயில் உடுக்கைக் கிட்ட நின்று கேட்டவர்களுக்கு இந்த மின்மேளங்கள் அந்நியமாக இராது. உடுக்கின் இடுப்புக் கயிற்றை அமுக்க அமுக்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் சறுக்கி இறங்கும். மின்மேளமும் அப்படித்தான், தட்டின கணத்தில் சுருதி மேலே, பிறகு ஒரு நொடியின் சிறு பங்குக்குள் வழுக்கிக் கீழே. கயிறு இருந்த இடத்தில் வோல்ட்.

808 க்குக் கூட்டாளியாக 1981 இல் வந்த டிபி-303 இன்னும் பரிதாபம். வாத்தியக்காரர் தனியாக இருந்து பழகும்போது பேஸ் கிற்றார்க்காரருக்குப் பதிலாக இருக்கட்டும் என்று செய்த வெள்ளி நிறப் பெட்டி, ஆனால் அது எந்தக் கோணத்திலும் கிற்றார் மாதிரி இல்லை, சுரங்களை அதில் ஏற்றுவதும் தலையிடி. 1984 இல் நிறுத்திவிட்டார்கள். பிறகு அடிமாட்டு விலைக்குப் போனதைச் சிக்காகோப் பெடியள் வாங்கி, கிற்றாராக நடிக்க வைக்காமல் வடிகட்டித் திருகியைக் கன்னாபின்னா என்று திருகி, 1987 இல் ஒரு புது நடன இசையையே பிறப்பித்தார்கள். ஆனால் அதற்கும் 5 வருடம் முதலே பம்பாயில் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் இதே 303, 808 பெட்டிகளைக் கொண்டு டிஸ்கோத் தாளத்தில் பத்து ராகம் வாசித்து இசைத்தட்டுப் போட்டிருந்தார், அப்போது யாரும் கவனிக்கவில்லை, 2010 இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் வாயைப் பிளந்தது. ராகத்துக்கு அந்தப் பெட்டி ஏன் பொருந்தியது என்று கேட்டால், அதில் ஒரு சறுக்கு உண்டு. ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததுக்குப் பாயாமல், ஒரு கொள்ளளவி மெல்ல மெல்ல நிரம்புகிற நேரத்தில் சுருதி வழுக்கிப் போகும். கமகத்துக்குப் பழகின காதுக்கு அது வீட்டுச் சாப்பாடு.

1983 இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் பற்றி நிறையச் சொல்லலாம், ஒரு அலையைக் கொண்டு இன்னொரு அலையை மிக வேகமாக ஆட்டினால் மணிச் சத்தம் பிறக்கும் என்பதுதான் அதன் மூலம். எனக்கு அந்தக் கண்ணாடிச் சத்தத்தில் பெரிய ஈடுபாடு இல்லை, விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் தம்பியிடம் சண்டைக்குப் போய்க் கேட்டேன். 50 மீடிறனில் மேளம் போடுகிறாய், ஆட்கள் கேட்பதெல்லாம் போனில், அந்தப் பொத்தான் அளவு ஸ்பீக்கரில் 50 வரவே வராதே. அவன் மேளத்தைக் கொஞ்சம் 'கருக்கி' விடுகிறானாம். அளவுக்கு மிஞ்சிச் சத்தத்தை ஏற்றி அலையின் தலையைத் தட்டையாக்கினால் 50 இன் மடங்குகள் புதிதாக முளைக்கும், 300, 350, 400 என்று அந்த போன் ஸ்பீக்கரால் தர முடிகிற மடங்குகள் காதுக்கு வந்ததும், இவற்றுக்கெல்லாம் பொதுவான அடி 50 என்று மூளை கணக்குப் போட்டு, இல்லாத மேளத்தைத் தானே கேட்டுக்கொள்ளும். லவுட்ஸ்பீக்கர்ப் புனலில் கரகரவென்று கருகிய பாட்டைத் திருவிழா திருவிழாவாகக் கேட்டும் ஏன் மேளம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கதை இதோடு முடியவில்லை. டைனமோக் கதையைக் கேட்ட தம்பிக்குச் சொவ்ட்வெயர் ஆட்டம் பொய்யாகத் தெரியத் தொடங்கிவிட்டது. என் அப்பாவின் ரேப் றெக்கோடர் இன்னும் பரணில் கிடக்கிறது என்றேன், எடுத்துக்கொண்டு வாங்கோ என்றான். திறந்தால் உள்ளே றப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து, சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி மாட்டினோம். கத்தரிக்கோலால் வெட்டின வளையம் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு, தடித்த பக்கம் கப்பியில் ஏறும்போதெல்லாம் நாடா ஒரு எத்து எத்தும். அவன் தன் பாட்டைக் கசெற்றில் பதிந்து, அதை இதில் ஓடவிட்டு, மறுபடி லப்டொப்பில் எடுத்தான். அரைச் சுருதி கீழே வந்திருந்தது. பெல்ட்டை இறுக்கிச் சரிசெய்வோமா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணை என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே பாடி வைத்திருந்த குரலை அழித்துப்போட்டு, அந்த இறங்கின சுருதியிலேயே முதலில் இருந்து பாடத் தொடங்கினான்.