எடையில்லாத வீட்டில் எது தரை?

சுற்றுப்பாதையில் எடை தெரியாது. அதனால் ஓர் அறையின் ஆறு பக்கமும் ஒன்றுதான். சுவரில் தூங்கலாம், கூரையில் வேலை செய்யலாம். இடத்துக்கு அலையும் பொறியாளருக்கு இது பெரிய வரம். அமெரிக்கா 1973-ல் ஏவிய ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இந்த வரத்தைப் பயன்படுத்தியும் பார்த்தார்கள், பயன்படுத்தாமலும் பார்த்தார்கள்.

வீரர்கள் சாப்பிட்டுத் தூங்கும் பெரிய பகுதியில் தரை, கூரை, தடுப்புச் சுவர் எல்லாம் பூமியில் உள்ளபடியே இருந்தன. கலம் வந்து இணையும் உருளைப் பகுதியில் மட்டும், உட்சுவரைச் சுற்றி இடம் கிடைத்த கோணத்திலெல்லாம் கருவிகளைப் பொருத்தினார்கள். கணக்குப்படி நல்ல சிக்கனம். ஆனால் போய் வந்தவர்கள் குறை சொன்னது இந்தப் பகுதியைத்தான். ஒரு கருவிக்கு நேராக நின்றால் அடுத்தது சாய்ந்திருக்கும், அதற்கடுத்தது தலைகீழாக இருக்கும். எது எங்கே என்று ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது.

கோளாறு காதில் தொடங்குகிறது. உட்காதில் ஒரு மெல்லிய கூழ்ப்படலத்தின் மேல் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. தலையைச் சாய்த்தால் அவை தம் எடையால் சரியும். கீழ்த்திசை எது என்று மூளை தெரிந்துகொள்ளும். எடை போனால் அந்தச் செய்தியும் போய்விடும். அப்புறம் மூளைக்கு மிச்சமிருப்பது கண்தான். விளக்கு எந்தப் பக்கம், எழுத்து எந்தப் பக்கம் நேராக இருக்கிறது, எதிரே வருபவரின் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்து அது தனக்கொரு மேல், கீழை உருவாக்கிக்கொள்கிறது. அந்தத் தடயங்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வதுதான் உள்வடிவமைப்பின் முதல் வேலை.

சோவியத் பக்கத்தில் இதைக் கவனித்தவர் கலீனா பலாஷோவா. கட்டடக் கலைஞர், சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் கொரோலியோவின் நிறுவனத்தில் ஊழியர் குடியிருப்புகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். 1960-களில் சோயூஸ் விண்கலத்தின் உட்புறம் அவர் கைக்கு வந்தது. தரைக்கு அடர்ந்த நிறம், மேலே போகப் போக வெளிர் நிறம் என்று பிரித்தார். கூடுதல் எடை இல்லை, கூடுதல் கருவி இல்லை, வெறும் வண்ணம். சுவரில் மாட்டத் தன் நீர்வண்ண ஓவியங்களையும் கொடுத்தார். அவை இருந்த அறை பூமிக்குத் திரும்பாது; வளிமண்டலத்தில் எரிந்துவிடும். ஓவியங்களும் அப்படியே போயின.

ஸ்கைலாபுக்கு நாசா ஆலோசனை கேட்டது ரேமண்ட் லோவியிடம். ரயில் எஞ்சின், கார் என்று எதையெதையோ வடிவமைத்த மனிதர். ஜன்னல் கட்டாயம் வேண்டும் என்றார். ஓட்டை போட்டால் சுவர் பலம் குறையும், செலவு கூடும் என்று பொறியாளர்கள் தயங்கினார்கள். கடைசியில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் வந்தது. ஓய்வு நேரத்தில் வீரர்கள் அதிகம் விரும்பியது அங்கிருந்து பூமியைப் பார்ப்பதைத்தான். மேசையும் முக்கோணம், மூன்று பேரில் யாருக்கும் தலைமை இடம் கிடையாது.

அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. தளர்ந்து மிதக்கும் உடம்பு நேராகவும் நிற்காது, உட்காரவும் செய்யாது. முழங்கால் லேசாக மடங்கி, கைகள் முன்னால் எழும்பி நிற்கும். இதை அளந்து பதிவு செய்ததே ஸ்கைலாபில்தான். அந்த உடம்பை உட்கார வைக்க வேண்டுமானால் வயிற்றுத் தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் பாதத்தை நுழைத்துக்கொள்ளப் பட்டையோ கம்பியோ போதும். மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு உள்ளங்காலுக்குப் பதிலாகப் புறங்கால் காய்த்துப்போகிறது.

தூங்கும் இடம் இன்னும் சிக்கல். பூமியில் மூச்சுக் காற்று சூடாக இருப்பதால் மேலே எழும்பி விலகிவிடும். அங்கே எழும்பாது, விட்ட கரியமில வாயு முகத்தருகே தேங்கி, தலைவலியில் கொண்டுபோய் விடும். ஆகவே சர்வதேச விண்வெளி நிலையத்தில், ஆளுயர அலமாரி அளவேயான தனியறைகளிலும் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கூட்டினால் காற்று நன்றாக வரும், இரைச்சலும் கூடும். அறைச் சுவரில் ஒலி உறிஞ்சும் மெத்தை ஒட்டியும், காதடைப்பான் வைத்துக்கொண்டு தூங்குபவர்கள் உண்டு.