பச்சையைப் பார்த்தால் பவர் குறையாது, பகலில் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள்

"படிக்கிற மேஜையில் செடி வைத்திருக்கோம் டாக்டர், போன் வால்பேப்பரையும் பச்சையா மாத்திட்டோம், அப்படியும் ஏன் பவர் ஏறுது?" இந்தக் கேள்வியை எத்தனை பெற்றோர் கேட்டுவிட்டார்கள்! நேற்றும் ஒரு அம்மா கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

நேற்று வந்த பையனுக்கு எட்டு வயது. போன வருடம் மைனஸ் 1.25, இப்போது மைனஸ் 2.75. சார்ட்டில் நான்காவது வரிக்கு வரும்போதே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாடையைத் தூக்கி, எழுத்தை ஊகித்துச் சொல்கிறான். "வெளியே எப்போ கண்ணா விளையாடுவே?" என்று கேட்டால் அம்மாவைப் பார்க்கிறான். அம்மா சொன்னார்: "ஸ்கூல் விட்டதும் டியூஷன் டாக்டர், வீட்டுக்கு வரும்போதே இருட்டிடும். ஆனா வாரா வாரம் பூங்காவுக்குத் தவறாம கூட்டிட்டுப் போறோம், வெயில் போன அப்புறம், ஏழு மணிக்கு மேல." பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர் இல்லை. செய்கிற எல்லாமே கண்ணுக்கு நல்லது என்று நம்பித்தான் செய்கிறார். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் இந்தப் பச்சை விஷயம். பச்சை நிறத்துக்குக் கண் பவரைக் குறைக்கும் சக்தி கிடையாது. கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிற குறை, பெரும்பாலும் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக அளவுக்கு மீறி நீண்டுபோவதால் வருவது. வளர்ந்தவர் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர், அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை, மூன்று பவர் ஏறிவிடும். சுவருக்குப் பச்சை பெயின்ட் அடித்தால் நீண்ட கண் சுருங்குமா? மரங்களைப் பார்த்தால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்கிறீர்கள், அது உண்மைதான். அந்த மரம் தூரத்தில் இருக்கிறது, தூரத்தைப் பார்க்கும்போது கிட்டத்தில் பார்க்க இறுகியிருந்த உள்தசை தளர்கிறது, இதம் அதனால் வருகிறது. அதே தூரத்தில் சாம்பல் நிறச் சுவர் இருந்தாலும் அந்தத் தசை தளரத்தான் செய்யும். புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் இருக்கிற செடியைப் பார்ப்பதற்குக் கண் செய்கிற வேலையும் புத்தகத்தைப் பார்க்கச் செய்கிற வேலையும் ஒன்றுதான். போன் திரையைப் பச்சையாக்கினாலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற போன்தான். செடி வையுங்கள், அழகாக இருக்கும், ஆனால் அதைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, பிறகு எதற்குப் பூங்கா? பகல் வெளிச்சத்துக்கு.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நன்றாக விளக்கு போட்ட அறையில் அது 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். வெயில் நாளில் திறந்தவெளியில் அது 1,00,000 லக்ஸ் வரை போகும், மர நிழலில் நின்றாலும் சில ஆயிரம் கிடைக்கும். கண்மணி சுருங்கி, மூளையும் சரிக்கட்டிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை, வீட்டிலேயே நல்ல வெளிச்சம் இருக்கிறதே என்று தோன்றுகிறது. ஜன்னலை விட்டு உள்ளே இரண்டடி வந்தாலே அளவு சடசடவென்று விழுந்துவிடும். பிரகாசமான ஒளியில் விழித்திரை டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது, அது கண் நீள்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள், இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 2008-இல் வந்த ஓர் ஆய்வு, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை, ஆறேழு வயதுக்காரர்களை, ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, சிட்னிக் குழந்தைகள் படித்த புத்தகங்கள் அதிகம். வெளியில் இருந்த நேரம்தான் வேறு: வாரத்துக்குச் சிட்னியில் 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம். அடுத்து, சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை, வெளியே விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். மருந்து இல்லை, கருவி இல்லை, வெறும் 40 நிமிடம். தைவானில் 2010-இலிருந்து தினமும் 120 நிமிடம் வெளியே என்று பள்ளிகளை ஊக்கப்படுத்தினார்கள், வருடா வருடம் ஏறிக்கொண்டே இருந்த பார்வைக்குறைபாட்டு விகிதம் 2012-க்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. இதற்கு நேர் எதிரானதையும் பார்த்துவிட்டோம். சீனாவின் ஒரு நகரத்தில் ஆறு வயதுக் குழந்தைகளிடம் 2019 வரைக்கும் 5.7 சதவீதத்தைத் தாண்டாத கிட்டப்பார்வை, ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020-இல் 21.5 சதவீதம்.

அதனால்தான் இருட்டிய பிறகு பூங்காவுக்குப் போவதைக் கண்ணுக்கான மருந்தாகக் கணக்கிட முடியாது என்கிறேன். மின்விளக்கு எத்தனை போட்டாலும் அது பகல் ஆகாது. ஓடட்டும், சறுக்கட்டும், உடம்புக்கு நல்லது, தூக்கம் வரும். கண்ணுக்கு வேண்டியது சூரியன் இருக்கிற நேரம். உச்சிவெயில் வேண்டவே வேண்டாம், காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். தொப்பி போடலாம், நிழலில் விளையாடலாம், பலன் குறைந்துவிடாது. பள்ளி இடைவேளையில் மைதானத்தில் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொன்னால் என்னமோ படிப்பையே நிறுத்தச் சொன்னது மாதிரி பார்க்கிறீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடுங்கள், பாடம் இருட்டிய பிறகும் நடக்கும், வெளிச்சம் அப்போது இருக்காது.

இன்னொன்று. பூங்காவில் பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்து, அழாமல் இருக்கப் போனைக் கையில் கொடுத்துவிட்டு, பெற்றோர் நடக்கப் போய்விடுகிறார்கள். வெளிச்சம் கிடைத்தாலும் பார்வை கைக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. பந்தைக் கொடுங்கள். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, குழந்தைகள் தாங்களே ஏதாவது கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

பால்கனி போதாதா என்பார்கள். பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் பால்கனியில் நிற்குமா? நகரத்தில் ஒரு குழந்தை வண்டி பயமில்லாமல், நிழலும் திறந்த வானமும் சேர்ந்து, காசு கொடுக்காமல் ஓடி விளையாட இருக்கிற ஒரே இடம் பொதுப் பூங்கா. சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார், ஒற்றை அறையில் குடியிருக்கிறவர் பிள்ளைக்கு வேறு வழி என்ன? வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை ஹெக்டேராவது பசுமைவெளி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் வழிகாட்டுகிறது. கண் மருத்துவராக நான் அதில் ஒன்றைச் சேர்ப்பேன்: அது பகலில் திறந்திருக்க வேண்டும். "புல்லை மிதிக்காதே", "பந்து விளையாடத் தடை" என்று பலகை மாட்டி, பகலெல்லாம் பூட்டிவைத்து, கம்பிக்குள் செடி வளர்க்கிற நிர்வாகங்களிடம் கேட்கிறேன், யாருக்காக அந்தப் புல்? மிதிபட்ட புல் திரும்ப முளைக்கும், நீண்ட விழி திரும்பச் சுருங்காது. நீரூற்றும் கலர் விளக்கும் அப்புறம் பார்க்கலாம், பரந்த கிளையுள்ள நாலு மரமும் ஓடுவதற்குத் தரையும் முதலில் வேண்டும்.

கூட வருகிற பெரியவர்களுக்கும் லாபம் உண்டு. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த ஆய்வு 2019-இல் வந்தது, வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம், ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் சரி.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடத்தான் நன்றாக உதவும், ஏற்கெனவே வந்த பவரை அழிக்காது. பூங்காவுக்குப் போகிறானே என்று கண்ணாடியைக் கழற்றிவைக்கச் சொல்லாதீர்கள், விளையாடும்போதும் போட்டிருக்கட்டும். பவர் வேகமாக ஏறினால் அட்ரோபின் சொட்டு மருந்து, சிறப்பு லென்ஸ் என்று வழிகள் இருக்கின்றன, அதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். "பெரியவனானதும் லேசர் பண்ணிக்கலாம்" என்கிறவர்களுக்கும் சொல்கிறேன், லேசர் கருவிழியைத்தான் செதுக்கும், உள்ளே நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும், மெலிந்துபோன விழித்திரை கிழிகிற ஆபத்தும் அப்படியே இருக்கும்.

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கண்ணில் மண் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். குச்சியோ இலையோ குத்திவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து அறவே வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருந்தால் செடியிலிருந்து வருகிற பூஞ்சைத் தொற்று கருவிழியைத் தின்றுவிடும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பா அம்மா இருவரும் கண்ணாடி போட்டவர்கள் என்றால், பிள்ளை எந்தக் குறையும் சொல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை, சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கிற முழுப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.