கையால் கட்டிய ஸ்லர்ம் எழவில்லையா? கான்ஃப் ஃபைலைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

பல கணினிகளைக் கோத்த கிளஸ்டரில் வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள் ஸ்லர்ம். அதை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து ஏற்றிய பிறகு நோடுகள் (கிளஸ்டரில் உள்ள கணினிகள்) எழவில்லை என்றால், பெரும்பாலோர் உடனே அதன் அமைப்புகள் இருக்கும் ஸ்லர்ம்.கான்ஃப் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாக மாற்றத் தொடங்குகிறார்கள். அந்த ஃபைலை சர்வர் படிக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பாதி நாள் அதிலேயே போய்விடும்.

உபுண்டு பேக்கேஜ் அந்த ஃபைலை /ஈடிசி/ஸ்லர்ம் என்ற இடத்தில் தேடும். கையால் கட்டும்போது கான்ஃபிகர் கட்டளைக்கு சிஸ்கான்ஃப்டிர் (கான்ஃப் ஃபைலின் இடம்) கொடுக்கவில்லை என்றால் அது /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி பக்கம் போய்விடும். பழைய பேக்கேஜை நீக்காமல் விட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: லினக்ஸ் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி பழைய பைனரியையே கிளப்பும், நீங்கள் டெர்மினலில் தட்டுவதோ புதியது. நோடில் ஓடும் ஸ்லர்ம் நிரல் ஸ்லர்ம்டி; 'சிஸ்டம்சிடிஎல் கேட் ஸ்லர்ம்டி' கொடுத்து எக்ஸெக்ஸ்டார்ட் வரியைப் பாருங்கள். தலைமை மெஷினில் இருக்கும் கன்ட்ரோலர் (ஸ்லர்ம்சிடிஎல்டி) ஓடிக்கொண்டிருந்தால் 'எஸ்கன்ட்ரோல் ஷோ கான்ஃபிக்' எந்த கான்ஃப் ஃபைல், எந்தப் பதிப்பு என்று இரண்டையும் சொல்லிவிடும். ஓடவில்லை என்றால் ஸ்லர்ம்சிடிஎல்டியைப் பெரிய 'டி', மூன்று 'வி' சேர்த்து டெர்மினலிலேயே ஓட்டுங்கள். எங்கே விழுகிறது என்று கண்முன்னே தெரியும்.

அடுத்தது ப்ளகின். மெஷின்கள் ஒன்றையொன்று அடையாளம் காணச் சான்று கொடுக்கும் சேவை மங்க். அதன் டெவலப்மென்ட் லைப்ரரி இல்லாவிட்டாலும் கான்ஃபிகர் நிற்காது. ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். ஆத்_மங்க் ப்ளகின் உருவாகியிருக்காது. டீமனை (பின்னணியில் ஓடும் நிரலை) கிளப்பும்போதுதான் 'ஆத் ப்ளகின் கிடைக்கவில்லை' என்று லாகில் வரும். மரியாடிபி லைப்ரரி விடுபட்டால் கணக்குகளை டேட்டாபேஸில் வைக்கும் ஸ்லர்ம்டிபிடி எழாது. டிபஸ் லைப்ரரி விடுபட்டால், வேலைகளின் மெமரி, சிபியு அளவைக் கட்டுப்படுத்தும் சிகுரூப் வசதியின் இரண்டாம் பதிப்புக்கான ப்ளகின் வராது; உபுண்டு 22.04 இயல்பாகவே அந்தப் பதிப்பில்தான் இருக்கிறது. லைப்ரரியை நிறுவிவிட்டு வெறும் மேக் அடித்தால் போதாது, கான்ஃபிகரிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

வடசென்னையில் அதிகம் கவனிக்க வேண்டியது கடிகாரம். பழைய டெஸ்க்டாப்களைக் கோத்து கிளஸ்டர் ஆக்கும் லேப்களில் மதர்போர்டின் சிஆர்2032 செல் பெரும்பாலும் செத்துக் கிடக்கும். கரண்ட் இருக்கும்வரை தெரியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நடந்ததுபோல மின்சாரம் நாள்கணக்கில் நின்று வந்தால், நோடு பல வருடம் பின்னால் போன தேதியோடு எழுந்திருக்கும். மங்க் கொடுக்கும் சான்றுக்கு இயல்பான ஆயுள் 300 விநாடிதான். கன்ட்ரோலர் அனுப்பியதைப் பின்தங்கிய நோடு 'ரீவௌண்ட்' என்று தள்ளும். நோடு அனுப்பியதைக் கன்ட்ரோலர் 'எக்ஸ்பயர்ட்' என்று தள்ளும். இந்த இரண்டு சொல்லில் எது வந்தாலும் மங்க் கீயைத் தொடாதீர்கள், 'டேட்' அடித்து நேரத்தைப் பாருங்கள். 'இன்வாலிட் கிரெடென்ஷியல்' என்று வந்தால்தான் கீயைச் சந்தேகிக்க வேண்டும்: எல்லா மெஷினிலும் ஒரே மங்க் கீ, உரிமையாளர் மங்க் யூசர், அனுமதி 0400. கன்ட்ரோலரில் 'மங்க்' உருவாக்கும் சான்றை எஸ்எஸ்ஹெச் வழியே நோடின் 'அன்மங்க்' கட்டளைக்கு பைப் செய்தால் ஒரே வரியில் விடை கிடைக்கும்.

தலைமை மெஷினில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனியை 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' வைத்து, மற்ற நோடுகளை அதையே பார்க்கச் செய்யுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் இருக்கும். மங்க்குக்கு அந்த ஒற்றுமை போதும். செல்லை மாற்றும்போது அதன் பிடியையும் துடைத்துவிடுங்கள். காசிமேடு, ராயபுரம் கடற்காற்றில் தொடர்புத் தகடு பச்சை பிடித்திருக்கலாம்.

ஸ்லர்மின் இயல்பான போர்ட்டுகள் 6817, 6818, 6819. ஃபயர்வாலில் மூன்றும் திறந்திருக்க வேண்டும். பதிப்பை உயர்த்தும்போது ஸ்லர்ம்டிபிடி முதலில், பிறகு கன்ட்ரோலர், கடைசியில் நோடுகள். கன்ட்ரோலரைவிடப் புதிய ஸ்லர்ம்டி வேலை செய்யாது.

நோடு எழுந்தும் வேலை வாங்கவில்லை என்றால் 'எஸ்இன்ஃபோ' கட்டளையைப் பெரிய 'ஆர்' சேர்த்துக் கேளுங்கள். 'லோ ரியல்மெமரி' என்று வந்தால், 8 ஜிபி மெஷினுக்கு கான்ஃபில் ரியல்மெமரியை 8192 (எம்பி) என்று எழுதியிருப்பீர்கள். கர்னலும் ஆன்போர்டு கிராஃபிக்ஸும் எடுத்தது போக அவ்வளவு மிஞ்சாது. நோடிலேயே ஸ்லர்ம்டியைப் பெரிய 'சி' போட்டு ஓட்டினால் சரியான வரியை அச்சிடும். ரியல்மெமரியில் இன்னும் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள். கான்ஃப் எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்கட்டும். ட்ரெய்ன் ஆன (புது வேலை வாங்காமல் ஒதுக்கப்பட்ட) நோடு கான்ஃபைத் திருத்தியதும் தானாகத் திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம், 'எஸ்கன்ட்ரோல் அப்டேட்' கொடுத்து ஸ்டேட்டை ரிசூம் ஆக்குங்கள்.