கொம்யூன்: பாகூர்ப் பலகையில் இருக்கும் ஒரு சொல்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் முள்ளோடை வந்துவிட்டதை வெளியே பார்க்காமலே சொல்லிவிடலாம். மதுக்கடைக்காக வந்தவர்கள் அங்கே இறங்கிவிடுவார்கள். மேலே போகிறவர்கள் கண்ணில் படுவது பெயர்ப்பலகைகள். ரெட்டிச்சாவடிவரை 'ஊராட்சி' என்றிருந்தது, புதுச்சேரி எல்லை தாண்டியதும் 'பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து' என்றாகிவிடும். கொம்யூன் என்பது அங்கே பல ஊர்களைச் சேர்த்த ஓர் உள்ளாட்சி அலகு.

என் அத்தை பாகூரில் வாழ்க்கைப்பட்டவர். "கொம்யூனுக்குப் போய் வீட்டுவரி கட்டிவிட்டு வந்தேன்" என்று அவர் சொன்னால், கடலூரை விட்டு நகராத என் அப்பா, "கட்சி ஆபீஸில் எதற்கு அக்கா வரி வாங்குகிறார்கள்?" என்பார். கேலிதான். ஆனால் கேலியில் பாதி சரி. கொம்யூன், கம்யூனிஸ்ட் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

அந்த வேர் லத்தீன் மொழியின் 'கொம்மூனிஸ்'. பொருள்: பொது. அதை இன்னும் பிரித்தால் 'கொம்' என்பது கூட, சேர்ந்து. 'மூனுஸ்' என்பது கடமை, ஆற்ற வேண்டிய பணி. கடமையைச் சேர்ந்து சுமப்பவர்களுக்கு உரியது எதுவோ அது பொது. முனிசிபாலிட்டி என்ற சொல்லுக்குள்ளும் இதே மூனுஸ்தான் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளைப் புரட்டியவர்களுக்கு இங்கே ஒரு சிறு மகிழ்ச்சி காத்திருக்கிறது: அவற்றில் 'கடமை' என்றால் நிலவரி. கொம்யூனில் வரி கட்டும் அத்தை, லத்தீன் தெரியாமலே சொல்லின் அடிவேரைத் தொட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்.

இந்தச் சொல் பிறந்தபோது இத்தனை சாதுவாக இல்லை. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் வடபகுதியிலும் பிரான்சிலும், பிரபுக்களுக்கும் கிறிஸ்தவ ஆயர்களுக்கும் அடங்கிக் கிடந்த நகரத்தார் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டு கட்டிய கூட்டணிக்குப் பெயர் கொம்யூன். தங்கள் கொம்யூனைக் கலைத்த ஆயரை பிரான்சின் லான் நகரத்தார் 1112-ல் கொன்றே போட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1789 டிசம்பரில் இயற்றிய சட்டம், பெருநகரமோ குக்கிராமமோ எல்லா ஊருக்கும் ஒரே வகை உள்ளாட்சி என்று வகுத்தது. கலகக்காரர்களின் சொல் அரசாங்கத்தின் சொல்லாயிற்று. இன்று பிரான்சில் சுமார் 35,000 கொம்யூன்கள் உண்டு. 1871-ல் பாரிஸ் தொழிலாளர்கள் இரண்டு மாதம் நடத்திய பாரிஸ் கொம்யூனில் பழைய சினம் ஒருமுறை தலைதூக்கியது. பொதுவுடைமையாளர்கள் அந்தப் பெயரை விடாமல் பற்றிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

ஒன்பதே ஆண்டுகள் கழித்து, 1880 மார்ச் 12 தேதியிட்ட ஆணை ஒன்றின் வழியாக அதே சொல் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. புதுச்சேரியும் உழவர்கரையும் வில்லியனூரும் பாகூரும் காரைக்காலும் கொம்யூன்கள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம், ஒரு மேயர். மேயரின் அலுவலகம் 'மேரி'. கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து விழுந்து, பிறகு பழைய வடிவிலேயே எழுப்பப்பட்ட கட்டடத்தைப் புதுச்சேரிக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கிய குடியரசு இங்கே தேர்தல் நடத்தியபோது ஐரோப்பியருக்கு மட்டும் தனி வாக்காளர் பட்டியல் வைத்துக்கொண்டது. கடல் தாண்டும்போது 'பொது' கொஞ்சம் சுருங்கிவிட்டது.

இனித் தமிழ்ச்சொல். இங்கேதான் விஷயம் சுவைக்கிறது.

பல ஊர்களைச் சேர்த்து ஒரே அலகாக நிர்வகிப்பதைப் பாகூருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைப் பதிவு செய்கின்றன. அந்தப் பகுதிக்கு அப்போது பெயர் வாகூர் நாடு. நாடு என்றால் அன்று தேசம் அல்ல. ஏரியையோ ஆற்றுக்காலையோ நம்பி உழுது வாழ்ந்த சில ஊர்களின் தொகுப்பு. ஊருக்கு ஊரார், பிராமணர் ஊருக்குச் சபை, வணிகர் ஊருக்கு நகரம், எல்லாம் சேர்ந்த பகுதிக்கு நாட்டார். வரி விஷயத்தில் நாட்டாரின் சொல்லுக்கு எடை இருந்தது. அளவிலும் வேலையிலும் பார்த்தால் பாகூர் கொம்யூனுக்குப் பொருத்தமான பழந்தமிழ்ப் பெயர் 'பாகூர் நாடு'தான். ஆனால் அந்தச் சொல் வளர்ந்து தமிழ்நாடாகி, இந்திய நாடாகி, ஐக்கிய நாடுகள்வரை போய்விட்டது. இன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் 'பாகூர் நாடு' என்று பலகை மாட்டினால் பிரிவினை பேசுவதாக யாராவது வழக்குப் போடுவார்கள்.

வாகூர் நாட்டுக்கு எல்லை வரைந்தது தண்ணீர். அதற்குப் பிந்திய எல்லைகளை வரைந்தவை பீரங்கியும் பேரமும். தென்பெண்ணை ஆற்றுக்குத் தெற்கே, 1690-ல் ஆங்கிலேயர் செயின்ட் டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட குண்டு போய் விழும் தொலைவுவரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது. வடக்கே, 1750-ஐ ஒட்டி, தூப்ளே கவர்னராக இருந்தபோது பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752-ல் இரு தரப்பும் பாகூரிலேயே மோதிக்கொண்டன. பிறகு புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பித் தருவதுமாக 1816வரை இழுத்தது. துண்டு துண்டாகக் கிடைத்த நிலம் துண்டு துண்டாகவே நின்றுவிட்டது. அதனால்தான் இன்றும் அந்தப் பக்கம் மிதிவண்டியில் அரை மணி நேரம் போனால் இரண்டு முறை மாநிலம் மாறும்.

கொம்யூன் என்ற அமைப்பு ஒருமுறை தேசத்தின் எல்லையையே மாற்றியிருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில், இந்தியாவுடன் சேர்வதா என்று வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும் ஆக 178 பேர். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

பிரெஞ்சுக்காரர் போன பிறகும் சொல் போகவில்லை. 1973-ல் வந்த சட்டம் அதன் பின்னால் பஞ்சாயத்தை ஒட்டவைத்தது. 'கேட்டுக் கதவு' என்பதுபோல் இருந்தாலும் இதில் ஒரு நியாயம் உண்டு: கொம்யூன் நிலப்பகுதி, பஞ்சாயத்து அதை ஆளும் அவை. புதுச்சேரியில் ஐந்து, காரைக்காலில் ஐந்து, மொத்தம் பத்து. ஆளும் அவை என்று சொல்லிவிட்டேன்; 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006வரை, 38 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. 2011-ல் அந்த உறுப்பினர்களின் காலம் முடிந்ததும் மறுபடியும் அதிகாரிகளின் ஆட்சி. மூனுஸ் மட்டும், அதாவது வரி மட்டும், தவணை தவறாமல் வசூலானது.

அப்படியானால் தமிழில் எப்படி எழுதுவது? பிரான்சின் கொம்யூனுக்கு 'ஊராட்சி' போதும். அங்கே சிற்றூர்கூடத் தனி கொம்யூன்தான். புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துக்கு, வேலையளவில், தமிழ்நாட்டின் 'ஊராட்சி ஒன்றியம்' நெருங்கி வருகிறது. விளக்கும்போது அதைச் சொல்லலாம். முகவரியில் எழுதினால் கடிதம் கடலூர் பக்கம் சுற்றிவிட்டுத்தான் பாகூர் போய்ச் சேரும். சேர்ந்து வாழ்பவர்களின் குடியிருப்பைக் குறிக்க வேண்டுமானால் 'கூட்டுவாழ்வுக் குடியிருப்பு' இருக்கிறது. வேர்ப்பொருளுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டும் என்பவர்களுக்குச் சங்க இலக்கியத்தில் 'பொதியில்' உண்டு: பொது இல், ஊரார் கூடும் இடம். எனக்கு அந்தச் சொல்மேல் ஆசைதான், ஆனால் அதைச் சொன்னால் பலருக்குப் பொதிகை மலைதான் நினைவுக்கு வரும்.

புதுச்சேரி அலகைக் குறிக்கும்போது 'கொம்யூன்' என்றே எழுதுங்கள். 'கம்யூன்' என்று திருத்த வேண்டாம். அது ஆங்கிலேயர் வாய்வழி வந்த உச்சரிப்பு. பாகூருக்கு இந்தச் சொல் அந்த வழியாக வரவில்லை.