கார் சீட் கவருக்கு இலாஸ்டிக் மாற்றுவதற்கு முன்

"அன்ரி, இதுக்கு இலாஸ்டிக் மட்டும் மாத்தித் தரேலுமோ?"

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஓர் ஒழுங்கையில் என் தையற்கடை இருக்கிறது. பிளவுஸும் பாடசாலைச் சீருடையும்தான் நாளாந்த வேலை. சில வருடங்களாக, குழந்தைகளின் கார் சீட் கவர்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. தோய்த்துக் காயவைத்த கவரைச் சுருட்டி ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். விளிம்பு அலை அலையாகத் தொங்கும்.

முன்பெல்லாம் உடனே வாங்கி வைத்துவிடுவேன். இப்போது, "சீட்டையும் ஒருக்கா கொண்டு வாங்கோ பிள்ளை" என்கிறேன். இந்த வெயிலில், இந்த நெரிசலில் அதைத் தூக்கி வருவது கரைச்சல் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இலாஸ்டிக் சும்மா தொய்வதில்லை. உள்ளே ஓடுவது இறப்பர் இழை, அல்லது ஸ்பான்டெக்ஸ் இழை. அதைச் சுற்றிப் பொலியெஸ்டர் நூல். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு 50 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூடும் வெளிச்சமும் இறப்பரைக் காய்ச்சி முறுகவைத்துவிடும். பழைய இலாஸ்டிக்கைக் காதருகே பிடித்து இழுத்துப் பாருங்கள், மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன. எண்ணெயும் இறப்பருக்கு ஆகாது. இழை ஊறிப் பலமிழந்துவிடும். பிள்ளையின் தலையில் வைத்த தேங்காயெண்ணெய் கவரின் மேல்விளிம்பில் இறங்கியிருப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். பிளீச், உலர்த்தும் மெஷின், சூடான அயன், இந்த மூன்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அந்த இலாஸ்டிக் பட்ட வெயிலை அதன் கீழே இருந்த பிளாஸ்டிக்கும்தானே பட்டது? இலாஸ்டிக் வயதில் செத்திருந்தால் சீட்டின் வயதையும் பார்க்க வேண்டும். சீட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடிப்பக்கப் பிளாஸ்டிக்கில் மணிக்கூடு மாதிரி ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும். சுற்றிவர 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் வருடம், மாதத்தைக் காட்டும் ஓர் அம்பு. சில சீட்டுகளில் ஸ்டிக்கர்தான் இருக்கும். பெரும்பாலான கம்பனிகள் தங்கள் சீட்டுக்கு 6 முதல் 10 வருடம் வரைதான் ஆயுள் சொல்கின்றன. சரியான எண்ணிக்கை அந்தச் சீட்டின் கைநூலில் இருக்கும்.

நம்மவர்களிடம் இது முக்கியம். எங்கள் வீடுகளுக்கு வரும் சீட்டுகளில் கனக்க, லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ சொந்தக்காரர் பிள்ளை வளர்ந்தபின் அனுப்பிவிடுபவை. ஜப்பானிலிருந்து பழைய சாமான்களோடு வருபவையும் உண்டு. ஐரோப்பியச் சீட் என்றால் ஒரு செம்மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருக்கும். அதில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் காட்டும். 11 என்றால் பிரித்தானியா, 1 என்றால் ஜேர்மனி. கீழே பழைய பாதுகாப்பு விதியான ஆர்44 என்றோ புதிய விதியான ஆர்129 என்றோ போட்டிருக்கும். ஆர்44 சீட்டில் அங்கீகார எண் 01 அல்லது 02 என்று தொடங்கினால், அது 2008 இலேயே ஐரோப்பாவில் பாவனையிலிருந்து விலக்கப்பட்ட வகை. அதோடு, அந்தச் சீட் ஏதாவது விபத்தில் பட்டதா என்று அனுப்பியவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சொந்த அக்காவாக இருந்தாலும் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்து, சீட் நல்லது என்றால் தைப்போம்.

கவரின் இலாஸ்டிக் பிள்ளையைப் பிடித்துவைப்பதில்லை, துணியை மட்டும்தான் பிடிக்கிறது. பிள்ளையைப் பிடிப்பது வார்ப்பட்டி. ஆனால் துணி தொய்ந்தால் அது வார் வரும் துளைக்குள் சுருண்டு நுழையும், பக்கிளை மூடும், பிள்ளையின் முதுகுக்குக் கீழே மடிப்பாகத் திரளும். அம்மா அந்த மடிப்பைச் சமாளிக்க ஒரு துவாயை மடித்து வைப்பார். வார் இறுக்கமாக இருப்பது மாதிரித் தெரியும். உண்மையில் துவாய்தான் இறுக்கமாக இருக்கிறது. மோதும் கணத்தில் அது நசுங்கிப்போக, வார் தளர்ந்து நிற்கும்.

தொழில் தொடங்கிய காலத்தில் நானே இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். ஒரு தகப்பன் "பிள்ளைக்கு முதுகு நோகுதாம், கொஞ்சம் மெத்தென்று செய்து தாங்கோ" என்று கேட்க, கவருக்குள் ஓர் அங்குல ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பணம் வாங்கினேன், நன்றியும் வாங்கினேன். விஷயம் விளங்கியபின் அவரைத் தேடிக் கூப்பிட்டுப் பிரித்தெடுக்கும்வரை எனக்கு நித்திரை வரவில்லை. அன்றிலிருந்து ஸ்பொஞ்ச் மாற்றுவதில்லை, கூட்டுவதில்லை. கவரோடு வந்த ஸ்பொஞ்சும் துணியும் அந்தச் சீட்டோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. வார்ப்பட்டியில் என் ஊசி படாது, கத்தரிக்கோலும் படாது. "வார் நீளம், கொஞ்சம் வெட்டி அடிச்சுத் தாங்கோ" என்று எத்தனை பேர் கேட்டாலும் மாட்டேன். ஓரம் பிய்ந்த வாரைத் தைப்பதும் இல்லை; அதை உற்பத்தியாளரிடம்தான் கேட்டு மாற்ற வேண்டும்.

வீட்டிலேயே மாற்றக்கூடியவர்களுக்கு, நான் செய்யும் முறை. கவரைக் கழற்றுமுன் ஃபோனில் முன்னும் பின்னும் படம் எடுங்கள். புது இலாஸ்டிக் பழையதன் அகலத்திலேயே இருக்கட்டும். அகலம் கூடினால் மடிப்புக் குழாய்க்குள் முறுக்கிக்கொள்ளும். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். வாங்கும்போது கையால் இழுத்து விட்டுப் பாருங்கள். உடனே பழைய நீளத்துக்குத் திரும்பாததை வாங்க வேண்டாம்.

பழைய இலாஸ்டிக்கின் நீளத்தை அளந்து புதியதை வெட்டாதீர்கள். அது ஏற்கெனவே நீண்டுபோன பொருள், அதன் அளவில் வெட்டினால் புதியதும் தொங்கும். குழாயின் உள்பக்கத்தில் மூன்று சென்ரிமீற்றர் மட்டும் தையல் பிரித்து, பழையதன் ஒரு நுனியோடு புதியதைத் தைத்துவிட்டு மறுநுனியை இழுத்தால், பழையது வெளியே வர, புதியது உள்ளே போகும். நடுவில் அறுந்தால் சட்டைப்பின்னைக் கோத்துத் தள்ள வேண்டியதுதான். இரண்டு நுனியும் வெளியே நிற்கும்போதே கவரைச் சீட்டில் மாட்டுங்கள். விளிம்பைப் பிடித்து நிற்கும்வரை இழுத்து அடையாளம் வையுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் துணி இழுபட்டு வார்த்துளைகள் இடம் மாறிவிடும், அதுவும் கூடாது. பிறகு நுனிகளை இரண்டு சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சிக்சாக் தையலில் முன்னும் பின்னும் மூன்று தரம் ஓட்டுங்கள். முடிச்சுப் போட வேண்டாம், அவிழும். பிள்ளையின் முதுகையும் உறுத்தும். கொக்கி மாட்டும் இலாஸ்டிக் வளையங்கள் இருந்தால் பழைய இடத்திலேயே, விரல் நுழைந்து சிக்காத அளவில் தையுங்கள்.

நான் ஊசிகளையும் சட்டைப்பின்களையும் எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டுத்தான் வேலை தொடங்குவேன். கவர் வெளியே போகமுன் திரும்ப எண்ணுவேன். கணக்குக் குறைந்தால் கவர் கடையை விட்டுப் போகாது.

திரும்ப மாட்டும்போதுதான் கூடுதலான பிழைகள் நடக்கின்றன. வாரைக் கழற்றியிருந்தால், எந்தத் துளையில் இருந்ததோ அதைப் படத்தில் பாருங்கள். பின்பக்கம் பார்த்திருக்கும் சீட்டில் வார் பிள்ளையின் தோள் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, முன்பக்கம் பார்த்திருக்கும் சீட்டில் தோள் மட்டத்தில் அல்லது சற்று மேலே. சீட்டின் பின்புறத்தில் இரண்டு வார் நுனிகளும் ஓர் உலோகத் தகட்டில் கொளுவும். இரண்டும் முழுதாக உள்ளே போயிருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். எங்கும் முறுக்கு இருக்கக்கூடாது. பிள்ளையை இருத்தி இறுக்கியபின், தோளருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடித்துக் கிள்ள முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். கண்டி போனாலும் சரி, வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி போனாலும் சரி, ஒவ்வொரு முறையும்.

தோய்ப்பதற்குக் கவரின் லேபலில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள், நிழலில் காயவிடுங்கள். வாரைச் சலவைத் தூளில் ஊறப்போட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

முதலில் சொன்ன அந்தப் பிள்ளை, மறுநாள் ஓட்டோவில் சீட்டைக் கொண்டுவந்தாள். லண்டனிலிருந்து அக்கா அனுப்பியது. திருப்பிப் பார்த்தோம், வட்டத்தின் நடுவில் 2009. நான் கவரை மடித்து அவளிடமே கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வவுனியாவில தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், அவைக்குக் குடுக்கட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சீட்டை மேசைமேல் வைத்தோம். என் பெரிய கத்தரிக்கோலால் ஐந்து வார்களையும் அடியோடு வெட்டினேன். அவள் தடித்த பேனையால் பிளாஸ்டிக்கில் "பாவிக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள். மாநகரசபை லொறி வரும் நாள்வரை அது என் கடை வாசலில்தான் கிடந்தது.