மில்லில் விரல் போனால் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள்

குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து மர மில்களிலும் தச்சுப் பட்டறைகளிலும் கையில் அடிபட்டு என்னிடம் வழக்குக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, முதன்முதலில் போன ஆஸ்பத்திரியின் சீட்டைத்தான். பல சீட்டுகளில் "வீட்டில் அரிவாள் பட்டது", "பைக்கிலிருந்து விழுந்தார்" என்று இருக்கும். கூட்டிக்கொண்டு போனவர், "உண்மையைச் சொன்னா போலீஸ் கேஸாயிரும், செலவை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருப்பார். ரத்தம் கொட்டும் நேரத்தில் யாருக்கு யோசிக்கத் தோன்றும்? ஆனால் பிறகு இழப்பீடு கேட்கும்போது, முதலாளி தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான்.

அதனால் எந்த மில், எந்த மெஷின், எத்தனை மணி என்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். துண்டான விரலை லேசாகக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, விரலை ஒட்டவைக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கோ உடனே கிளம்புங்கள்.

"அவன் கவனக்குறைவு, நான் என்ன செய்ய?" என்பது முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். பிளேனரில் (மரத்தை இழைக்கும் மெஷின்) ஒரு சின்னத் துண்டை இழைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். மரத்தில் கணு வந்ததும் துண்டு துள்ளும்; தள்ளிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே சுழலும் பிளேடு மேல் இறங்கிவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. விரலுக்குப் பதிலாக மரத்தைத் தள்ளும் தள்ளுகட்டை கொடுக்காமல், வேலை மெதுவாகிறது என்று பிளேடின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்தது யார்? (கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சுழலும் வாளில் அது சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும்.) குடித்திருந்தாலோ, தொழிலாளியே வேண்டுமென்று மூடியைக் கழற்றியிருந்தாலோ சட்டம் வேறு விதமாகப் பார்க்கும். வெறும் அசதி, அவசரம் என்றால் இழப்பீடு போய்விடாது.

1923 சட்டத்தில் இருந்து வந்த இந்த இழப்பீட்டு உரிமை இப்போது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பழைய சட்டத்தின் அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு, கட்டைவிரலுக்கு 30. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 30 வயதுக்காரரின் ஆள்காட்டி விரலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2,62,000 ரூபாய் வரும். கையில் பத்தாயிரத்தைத் திணித்து, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்களே, உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த எழுத்து செல்லாது. காண்ட்ராக்ட்காரரின் ஆள் என்றாலும் மில் முதலாளி தப்ப முடியாது.

அட்டவணையோடு கதை முடிவதும் இல்லை. இடது கையை இழந்த ஒரு தச்சர் வழக்கில், ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது என்று சொல்லி, அதை 100 சதவீத இழப்பாகவே உச்ச நீதிமன்றம் 1975இல் ஏற்றது. அதனால் உங்கள் வேலை என்ன, இந்தக் கையால் இனி எதைச் செய்ய முடியாது என்பதை டாக்டர் சான்றிதழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மில் என்றால் பெரும்பாலும் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டின் கீழ் வரும். அப்போது முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இஎஸ்ஐ சுமார் 90 சதவீதச் சம்பளம் தரும், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம் வரும். இஎஸ்ஐ இல்லாதவர்கள் இழப்பீட்டுக்கு, விபத்து நடந்த இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அப்புறம், வக்கீல் ஃபீசுக்குப் பயந்து யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குக் கூப்பிடுங்கள்.